மஞ்சளுக்குச் சான்று எந்த மொழியில்?

(சத்தியமங்கலத்தில் ஆற்றப்பெற்ற உரை)



பவானியாற்று நீரில் மஞ்சள் விளைவிக்கும் உழவர்க்கு அதன் அருமையை எடுத்துரைக்கத் தேவையில்லை. அண்மையிலுள்ள பவானிசாகர் வேளாண்மை ஆய்வு நிலையம் புதிய மஞ்சள் வகைகளையே நாட்டிற்கு வழங்கியுள்ளது. புண்ணுக்கு மஞ்சளரைத்துப் பூசுவதை இங்குள்ள பாட்டியர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் கற்றாரல்லர்.

ஆயினும், 1995-இல் மஞ்சளால் புண்ணாற்றும் முறைக்கு அமெரிக்க அரசு, மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையத்திற்குக் காப்புரிமை வழங்கியது. கேட்டுப் பெற்ற ஆய்வாளர் இருவரும் இந்திய வழியினரே! இந்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் 1996-இல் அதனை எதிர்த்தது. 32 சான்றுகளைக் காட்டியது. 1997-இல் அவ்வுரிமை நீக்கப்பட்டது. மகிழ்ச்சியே. ஆனால் அச்சான்றுகள் எம்மொழியின? சமற்கிருதம், உருது, இந்தி என்றே சொல்லப்படுகின்றன. தமிழ் மருத்துவச் சுவடிகள் எங்கே போயின?

இதற்கு வடவரை மட்டும் நோவதில் பயனில்லை. கைமருந்தை மறைபொருளென்று பொத்திவைத்து, தம்மொடு மண்ணுக்குள் கொண்டுபோனவரும் தமிழரே. அந்நாளைய அமெரிக்கச் சட்டப்படி, பிறநாட்டு வாய்மொழி வழக்கம் சான்றாகாது. எழுத்தில் வெளிவந்ததே சான்றாகும். பாட்டியின் சொல் அங்கே செல்லவில்லை.

எழுதினால் மட்டும் போதுமா? ஆய்ந்தும் பார்த்தல் வேண்டும். சீழ்ப்புண்களில் பெரிதும் காணப்படுவது, கொடிமுந்திரிக் குலைபோல் திரளும் ஒருவகைப் பாக்டீரியா, குச்சுயிர் என்போம். அதனைக் கடற்பாசிக் கூழ் பரப்பிய தட்டில் தடவி, சிறு குழியிட்டு மருந்துச் சாற்றை ஊற்றி, 37 பாகை வெப்பத்தில் ஒருநாள் வைப்பர். குழியைச் சுற்றிக் குச்சுயிர் வளராத தெளிந்த வட்டம் தோன்றின், சாற்றுக்கு ஆற்றல் உண்டு. அருகிலேயே சாறு கலவாத வெறும் கரைப்பானையும் வைத்து ஒப்பிடல் வேண்டும். சாராயத்தில் வடித்த சாறாயின், குச்சுயிரைக் கொன்றது சாராயமாகவும் இருக்கலாமன்றோ! மஞ்சளிலுள்ள குர்க்குமினோ நீரில் எளிதிற் கரையாதது. கூழில் நன்கு பரவாது. வட்டம் சிறுத்த கரணியத்தாலேயே மருந்து வீணென்று தள்ளலாகாது. தட்டில் வென்றது உடம்பிலும் வெல்லும் என்பதும் உறுதியன்று. நீரிழிவு நோயாளர் காற்புண்ணில் கடைத்தூளை அப்பிக்கொண்டு மருத்துவரிடம் போகாதிருப்பது தமிழ்ப்பற்றாகாது. காலையே இழக்க நேரும். நிறத்திற்காக ஈயக் குரோமேட்டு கலந்த தூளும் பிடிபட்டுள்ளது.

சீனத்து அறிவாட்டி தூ யூயூ, பழஞ்சீன ஏட்டில் செடியை நீரில் ஊறவைத்துப் பிழியச் சொன்ன குறிப்பைக் கண்டு, கொதிப்பே மருந்தைக் கெடுக்கிறதென உய்த்துணர்ந்தார்; குறைந்த வெப்பத்தில் சாறு வடித்து முறைக்காய்ச்சல் மருந்து கண்டார்; 2015-இல் நோபல் பரிசும் பெற்றார்.

இவ்வூர் மருத்துவர்களும் தம் புண்ணெண்ணெயைப் பற்றி, எச்செடி, எவ்வுறுப்பு, எவ்வளவு, எத்தனை நாள் என நல்ல தமிழில் நாளிட்டு எழுதி அச்சேற்றுக. அருகிலுள்ள கல்லூரியின் நுண்ணுயிரியல் துறையில் கொடுத்து ஆய்ந்து பார்க்கச் செய்க. பயன்தராத மருந்தையும் மறைக்காது எழுதுக.