நீதி கேட்டு வந்த கைம்பெண்

வானொலி மறையுரை: பொதுக்காலம் 29ஆம் ஞாயிறு, 19.10.2025
வாசகங்கள்: விடுதலைப் பயணம் 17:8-13, 2 திமொத்தேயு 3:14 - 4:2, லூக்கா 18:1-8



நாளை தீபாவளி. நாடு முழுவதும் வெடிக்கப்போகும் பட்டாசில் பெரும்பகுதி நம் மண்ணில் செய்தது. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, விருதுநகர் பக்கத்து ஊர்களில் நம் மக்களின் கை உருட்டியது, கட்டியது, திரி வைத்தது. பயர் ஆபீஸ் பேருந்து விடியற்காலையில் வந்து ஹாரன் அடிக்கும்போது, தூக்குச் சட்டியோடு ஏறிப்போகிறவர்கள் மாலையில் அதே பேருந்தில் இறங்கவேண்டும் என்பதுதான் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு நாளும் ஏறெடுக்கப்படும் செபம்.

சில நாட்களில் அவர்கள் இறங்கவில்லை. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம். 2024 மே 9, செங்கமலப்பட்டி. இந்த ஆண்டு ஜூலை 1, சின்னக்காமன்பட்டி. செய்தித்தாளில் வந்தவை இவை. ஒருவர், இருவர் என்று போனவர்கள் செய்தித்தாளின் மூலையில்கூட இடம் பெறாமல் போனதும் உண்டு.

விபத்து நடந்த அன்று எல்லாரும் வருகிறார்கள். அதிகாரிகள் வருகிறார்கள், கட்சிக்காரர்கள் வருகிறார்கள், சாமியார்களாகிய நாங்களும் வருகிறோம். பதினாறாம் நாள் முடிந்த பிறகு அந்த வீட்டில் மிஞ்சுவது ஒரு பெண், பிள்ளைகள், ஒரு பை நிறையக் காகிதம். இன்றைய நற்செய்தியில் வரும் கைம்பெண்ணை நான் அந்த வீட்டில்தான் பார்க்கிறேன்.

ஆண்டவர் சொன்ன உவமையைக் கவனியுங்கள். அந்தக் கைம்பெண் நடுவரிடம் உதவி கேட்கவில்லை. தனக்குரிய நீதியைக் கேட்டாள். அக்காலத்தில் பெண்ணுக்காக ஊர் வாயிலில் பேசவேண்டியவன் கணவன், அல்லது மகன், அல்லது உறவினன். அவளுக்கோ யாரும் இல்லை. அதனால் தானே போனாள், மறுபடியும் போனாள். நடுவரோ கடவுளுக்கு அஞ்சாதவர், மனிதரையும் மதிக்காதவர். கடைசியில் தொல்லை தாங்காமல்தான் தீர்ப்பு வழங்கினார்.

பல ஆண்டுகள் இந்த உவமையை வைத்து நான் மறையுரை ஆற்றியிருக்கிறேன். மனம் தளராமல் செபிக்கவேண்டும் என்று சொல்லி முடித்துவிடுவேன். அந்த நடுவர் யார் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. ஒருநாள் தெரிந்தது. அதை உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், நான் பணியாற்றிய பங்கில் ஒரு சகோதரியின் கணவர் வேலையில் தீக்காயம் பட்டு, மதுரையில் எட்டு நாள் மருத்துவமனையில் கிடந்து இறந்துபோனார். அடக்கத் திருப்பலி நான்தான் வைத்தேன். அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் அந்தச் சகோதரி கையில் மஞ்சப்பையோடு கோவில் வாசலில் நின்றார். திருமணப் பதிவேட்டிலிருந்து ஒரு சான்று வேண்டும் என்றார். எனக்கு அடுத்த ஊரில் பூசை. தலையில் கைவைத்து ஆசீர்வதித்து, "திங்கக்கிழமை ஆபீசுக்கு வாம்மா" என்றேன். திங்கட்கிழமை நான் மறைமாவட்டக் கூட்டத்துக்குப் போய்விட்டேன். மறு ஞாயிறும் நின்றார். பதிவேட்டில் இருந்தது கணவரின் திருமுழுக்குப் பெயர். ஆதாரில் இருந்தது ஊரில் கூப்பிட்ட பெயர். இருவரும் ஒருவரே என்று எழுதிக் கொடுக்கவேண்டும். "பாத்துச் செய்வோம்மா" என்றேன். மூன்றாம் ஞாயிறும் அதே கதைதான்.

நான்காம் ஞாயிறு அவர் வரவில்லை. விசாரித்தேன். அந்த வாரத்தில் ஒரு தரகர் வீட்டுக்கு வந்து, கொஞ்சம் பணத்தைக் கையில் வைத்து, ஒரு முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கிப் போயிருக்கிறார். இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று அதில் எழுதியிருந்தது. அதைப் படித்துச் சொல்ல அருகில் ஆள் இல்லை. படித்துச் சொல்லியிருக்கவேண்டியவன் நான். பத்து நிமிட வேலைக்கு மூன்று வாரம் நிற்கவைத்தவன் நான். உவமையில் வரும் நடுவராவது கடைசியில் எழுந்து தீர்ப்புச் சொன்னார்.

அன்புக்குரியவர்களே, அதன்பிறகுதான் நான் கற்றுக்கொள்ளத் தொடங்கினேன். கற்றதில் சிலவற்றை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். இது கோவிலில் பேசவேண்டிய காரியமா என்று யாரும் கேட்டால், திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரத்தைப் படிக்கச் சொல்லுங்கள். தொடக்கத் திருச்சபையில் எழுந்த முதல் முறைப்பாடுகளில் ஒன்று, அன்றாடப் பந்தியில் சில கைம்பெண்கள் விடுபட்டுப் போனார்கள் என்பதுதான். அதற்காகத்தான் எழுவரைத் தேர்ந்தெடுத்தார்கள். பட்டியலில் பெயர் விடுபடுவது அன்றைக்கே திருச்சபையின் காரியமாக இருந்தது.

முதலில் இறப்புச் சான்று. இறந்த 21 நாட்களுக்குள் பதிவு செய்யவேண்டும். எங்கே உயிர் பிரிந்ததோ அந்த இடத்தில்தான் பதிவு. சொந்த ஊர் சாத்தூர் பக்கம் என்றாலும், மதுரை மருத்துவமனையில் இறந்தவருக்கு மதுரையில்தான் சான்று கிடைக்கும். இது தெரியாமல் ஊரில் அலைந்தவர்கள் உண்டு. பெயரும் முகவரியும் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று அங்கேயே ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது, வாரிசுச் சான்று. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால், வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் விசாரணைக்குப் பிறகு வட்டாட்சியர் வழங்குகிறார். கிறிஸ்தவர்களாகிய நமக்கு 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். உயில் எழுதாமல் கணவர் இறந்தால், அவர் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கு, மீதி இரண்டு பங்கு பிள்ளைகளுக்கு. "அவனே போயிட்டான், உனக்கு இங்க என்ன இருக்கு?" என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில்.

மூன்றாவது, வேலையிடத்து உரிமை. கணவர் இ.எஸ்.ஐ.யில் பதிவானவராக இருந்து வேலை விபத்தில் இறந்தால், அவர் கூலியில் 90 விழுக்காட்டைக் கணக்கிட்டு, மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் மாதாமாதம் பகிர்ந்து கொடுப்பார்கள். இ.எஸ்.ஐ. இல்லை என்றால் இழப்பீட்டுக்கான சட்டம் இருக்கிறது. தொழிலாளர் துறையின் உரிய அதிகாரியிடம் இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்யவேண்டும். ஒன்றை எல்லாரும் நினைவில் வையுங்கள். உயிரிழப்புக்கான இழப்பீட்டை முதலாளி அந்த அதிகாரியிடம்தான் கட்டவேண்டும். வீட்டில் வந்து கையில் கொடுத்த தொகையால் அந்தக் கடமை தீர்ந்துவிடாது. இழப்பீட்டை விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்கிய தாளும் அந்தச் சட்டத்தின்முன் செல்லாது. அந்தச் சகோதரியிடம் வாங்கிய முத்திரைத்தாளும் அப்படித்தான். ஆனால் அதைச் சொல்லி வாதாட ஒரு வழக்கறிஞர் வேண்டும். அதற்கும் வழி உண்டு. பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்று பாராமல், இலவச சட்ட உதவி பெற உரிமை இருக்கிறது. நம் மாவட்டத்தின் சட்டப் பணிகள் ஆணைக்குழு ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. தொலைபேசியில் 15100 என்ற எண்ணைக் கூப்பிடலாம்.

நான்காவது, அரசு உதவிகள். ஆதரவற்ற விதவை ஓய்வூதியம் 2023ஆம் ஆண்டில் மாதம் 1200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பட்டாசு விபத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளின் உயர்கல்விவரைக்குமான படிப்புச் செலவை அரசே ஏற்கும் என்று 2024 நவம்பரில் முதலமைச்சர் விருதுநகரில் அறிவித்தார். உங்கள் தெருவில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுக்கச் சொல்லுங்கள். கூடவே நீங்களும் போங்கள்.

கடல் கடந்தும் இதே கதைதான். நம் பக்கத்திலிருந்து மணமாகி அமெரிக்கா போன ஒரு பெண்ணின் கணவர் அங்கே திடீரென்று இறந்துபோனார். அவளுடைய கையில் இருந்தது இரண்டு ஆண்டுக்கான நிபந்தனையுள்ள குடியிருப்பு அட்டை. அதன் நிபந்தனையை நீக்க கணவன் மனைவி இருவரும் சேர்ந்து கையெழுத்திடவேண்டும். "அவர் போனதோடு உன் கார்டும் போச்சு, ஊருக்கு வந்துரு" என்று உறவினர்கள் சொல்லிவிட்டார்கள். அது தவறு. கணவர் இறந்துவிட்டால், இறப்புச் சான்றையும், தங்கள் திருமணம் உண்மையானது என்பதற்கான சான்றுகளையும் வைத்து மனைவி தனியாகவே விண்ணப்பிக்கலாம். ஐ-751 என்ற அதே படிவத்தில் அதற்கு இடம் இருக்கிறது. பத்தாண்டு அட்டை வைத்திருப்பவர் தன் பெயரிலேயே அதைப் புதுப்பித்துக்கொள்ளலாம். திருமணத்தின் வழியாக வந்த உரிமை எல்லாம் கணவரோடு சேர்த்துப் புதைக்கப்படுவதில்லை. சிவகாசியிலும் சரி, நியூஜெர்சியிலும் சரி, இதை ஒருவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லவேண்டியிருக்கிறது.

இப்போது முதல் வாசகத்துக்கு வாருங்கள். மலையுச்சியில் மோசே கை உயர்த்தி நிற்கிறார். கை உயர்ந்திருக்கும்வரை இஸ்ரயேலுக்கு வெற்றி. கை சோர்ந்து இறங்கினால் தோல்வி. ஆரோனும் கூரும் என்ன செய்தார்கள்? உட்கார ஒரு கல்லை வைத்தார்கள். ஆளுக்கொரு பக்கம் நின்று, கதிரவன் மறையும்வரை அவர் கைகளைத் தாங்கிக்கொண்டார்கள். மனம் தளராமல் செபி என்று ஒரு கைம்பெண்ணிடம் சொல்வது எளிது. அவளுக்கு உட்கார ஒரு கல் வைத்தோமா? கையைத் தாங்கினோமா?

எங்கள் பங்கில் அதைச் செய்தவர்கள் இருவர். ஒருவர் அன்பியத்தில் இருந்த ஓய்வுபெற்ற டீச்சர். மற்றவர் வின்சென்ட் தே பவுல் சபையைச் சேர்ந்த ஒரு பெரியவர். நான் சான்றை எழுதிக் கொடுத்தேன், மூன்று வாரம் பிந்தி. அவர்கள் அந்தச் சகோதரியோடு வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போனார்கள். "நாளைக்கு வாங்க" என்றால் மறுநாளும் போனார்கள். டீச்சர் ஒரு நோட்டுப் போட்டு, எந்தத் தேதியில் எந்த மனு கொடுத்தோம், ரசீது எண் என்ன என்று எழுதி வைத்தார். வாரிசுச் சான்று வந்தது. ஓய்வூதியம் வந்தது. இழப்பீட்டு வழக்கு இன்னும் நடக்கிறது. எப்போது முடியும் என்று எனக்குத் தெரியாது. வாய்தா அன்றைக்கு இப்போதும் அந்த இருவரில் ஒருவர் உடன் போகிறார்.

இடையில் குடும்ப அட்டையும் மாறி வந்தது. கணவர் பெயரை நீக்கி, அந்தச் சகோதரியைக் குடும்பத் தலைவியாகப் போட்டு, புது ஸ்மார்ட் கார்டு. கொண்டுவந்து காட்டினார். நல்லது என்று நான் சந்தோஷப்பட்டேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அவுக பேரை எடுத்துட்டாகளே சாமி." அதுவரை அலுவலகம் அலுவலகமாக அழாமல் நடந்தவர், அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார்.

எனக்குப் பதில் வரவில்லை. உள்ளே போய், பங்கின் திருமணப் பதிவேட்டை எடுத்துவந்து அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். அவர் பெயரும் கணவர் பெயரும் ஒரே வரியில் இருந்தன. விரலை வைத்துத் தடவிப் பார்த்தார். "இதுல எடுக்க மாட்டீகள்ல?" என்று கேட்டார். "எடுக்க மாட்டோம்மா" என்றேன்.

சகோதர சகோதரிகளே, அரசு அட்டையிலிருந்து ஒரு பெயர் நீங்கத்தான் வேண்டும். இருப்பவர்கள் வாழ்வதற்காக அது நீங்கவேண்டும். கடவுளின் நினைவிலிருந்து எந்தப் பெயரும் நீங்குவதில்லை. இன்னும் இரண்டு வாரத்தில், நவம்பர் 2, கல்லறைத் திருநாள். இறந்தோர் பெயர்களை எழுதிப் பீடத்தில் வைப்போம். இந்த ஆண்டு அந்தத் தாளில், நம் ஊரில் வேலையில் இறந்தவர்கள் பெயரையும், உறவோ மதமோ பாராமல், எழுதுங்கள்.

இரண்டு வேண்டுகோள். தீபாவளி முடிந்து பயர் ஆபீஸ் திறக்கும்வரை நம் மக்கள் வீட்டில் இருப்பார்கள். அந்த நாட்களில் கணவனும் மனைவியும் ஒரு மணிநேரம் உட்காருங்கள். நம் ஊரில் வேலையில் இறப்பவர்களில் பெண்களும் நிறையப்பேர். ஆகவே இது இருவருக்கும். இ.எஸ்.ஐ. எண், பி.எஃப். எண், நியமனதாரர் பெயர், ஆதாரில் உள்ள எழுத்து, எல்லாம் ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். நம் பெயர் வேலையிடத்துப் பதிவேட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். இது சாவை அழைப்பது ஆகாது. பிள்ளைகள்மேல் வைத்த அன்பு இது. இரண்டாவது, ஒவ்வொரு அன்பியத்திலும் படிவம் நிரப்பத் தெரிந்த ஒருவர், அலுவலகத்துக்குத் துணைபோக ஒருவர் முன்வாருங்கள். ஞாயிறு பூசைக்குப் பிறகு கோவில் வாசலில் ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் போதும். மோசேக்கு வைத்த கல் அதுதான்.

என் உடன் குருக்களிடமும் பணிவோடு ஒன்று கேட்கிறேன். பையோடு வாசலில் நிற்கிறவரைத் திங்கட்கிழமைக்கு அனுப்பவேண்டாம்.

மானிடமகன் வரும்போது மண்ணில் நம்பிக்கையைக் காண்பாரா என்ற கேள்வியோடு ஆண்டவர் இன்றைய நற்செய்தியை முடிக்கிறார். வட்டாட்சியர் அலுவலக மரத்தடியில், ரசீது எழுதிய நோட்டோடு காத்திருக்கும் அந்த மூவரிடம் அவர் அதைக் காண்பார் என்று நான் நம்புகிறேன். நம்மிடமும் காணட்டும்.

எல்லாம் வல்ல இறைவன், தந்தை, மகன், தூய ஆவியார் உங்களையும் உங்கள் இல்லங்களையும் ஆசீர்வதித்து, வேலைக்குப் போகிற யாவரையும் நலமாக வீடு சேர்ப்பாராக. ஆமென்.