வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதீங்க
(மாதக் கூட்டத்தில் சுகாதாரப் பயிற்சியாளர் பேசியது)



நாம் சாப்பிடும் சோறு, இட்லி, களி எல்லாமே மாவுச்சத்து. அது செரித்து குளுக்கோஸாக ரத்தத்தில் சேரும். செலவு போக மிச்சம் கல்லீரலிலும் தசையிலும் கிளைக்கோஜனாகத் தங்கும். இது சுருக்குப்பைக் காசு மாதிரி. சட்டுன்னு எடுக்கலாம், ஆனா கொஞ்சம்தான் இருக்கும். கொழுப்பு, வங்கியில் போட்ட பணம். 1 கிராம் மாவுச்சத்து 4 கலோரி தரும். 1 கிராம் கொழுப்பு 9 கலோரி தரும். மெதுவாக நடக்கும்போது கொழுப்பு அதிகம் செலவாகும். பாரம் தூக்க மாவுச்சத்துதான் கைகொடுக்கும்.

ராத்திரியிலே கல்லீரல் சேமிப்பு நல்லாக் குறைஞ்சிடும். காலையில் வெறும் டீயோடு களையெடுக்கப் போனால் உடம்பு கொழுப்பை எரிக்கும். ஆனால் மூளைக்கு குளுக்கோஸ் வேணுமே! அதுக்காகத் தசையையும் கரைக்கும். சோர்வு, தலைசுற்றல் வரும். இன்சுலினோ, சில சர்க்கரை மாத்திரைகளோ எடுத்துக்கொண்டு சாப்பிடாமல் போனால் மயங்கி விழலாம், உயிருக்கே ஆபத்து.

எல்லாரும் சாப்பிட்ட பிறகு பார்க்கலாம்னு இருக்காதீங்க. கேழ்வரகுக் கூழோ, பழைய சோறோ, கூடவே கொஞ்சம் சுண்டலோ சாப்பிட்டுக் கிளம்புங்க. குழுவுக்குச் சந்தா தவறாமல் கட்டுறோம். நம்ம உடம்புக்கும் கட்டணும்.