அங்கோர் நகரில் காரைக்கால் அம்மையார்

(ஆலயத் திருவிழாவையொட்டி நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மேரு என்பது இவ்வூரின் பெயர். தேவர்கள் உறையும் பொன்மலைக்கும் அதுவே பெயர். அந்த மலையைக் கல்லில் எழுப்பிக் காட்ட வேண்டும் என்று 12ஆம் நூற்றாண்டில் ஒரு மன்னன் எண்ணினான். அவன் கெமர் நாட்டை ஆண்ட இரண்டாம் சூரியவர்மன். அவன் எழுப்பிய அங்கோர் வாட் இன்றைய கம்போடியாவின் சியம் ரீப் நகருக்கு அருகே உள்ளது. ஐந்து கோபுரங்கள் மேருவின் ஐந்து சிகரங்கள். சூழ்ந்திருக்கும் அகழி பாற்கடல். நடுக் கோபுரம் ஏறத்தாழ 65 மீட்டர் உயரம். கிழக்குச் சுற்றின் தென்பகுதியில் தேவரும் அசுரரும் பாற்கடல் கடையும் காட்சி 49 மீட்டர் நீளத்திற்குச் செதுக்கப்பட்டிருக்கிறது. திருமாலுக்காக எழுந்த இக்கோயில் மேற்கு நோக்கியிருப்பது பலரையும் வியக்க வைக்கும்.

கோலாலம்பூரிலிருந்து விமானத்தில் ஏறத்தாழ இரண்டு மணி நேரத் தொலைவுதான். ஆண்டுதோறும் நம்மவர் பலர் அங்கே சென்று வருகிறார்கள். சென்று வந்தவர்கள் சொல்லும் செய்திகளில் ஒன்றை முதலிலேயே திருத்திவிட வேண்டியிருக்கிறது. "தமிழ் மன்னன் கட்டிய கோயில்" என்கிறார்கள். கைத்தொலைபேசியிலும் அவ்வாறே செய்தி உலவுகிறது. அது உண்மையன்று. கட்டியவன் கெமர் மன்னன். கல் சுமந்தவர்களும் கெமர் மக்கள். அந்நாட்டுக் கல்வெட்டுகள் சமஸ்கிருதத்திலும் கெமர் மொழியிலும் பொறிக்கப்பட்டவை. கெமர் எழுத்து பல்லவ கிரந்தத்திலிருந்து பிறந்தது என்பதும், 'வர்மன்' என்ற பெயரொட்டு பல்லவரிடமும் வழங்கியது என்பதும் மெய்யே. ஆனால் எழுத்தைக் கடனாகப் பெற்றவன் வீட்டையும் கடனாகப் பெற்றான் என்று சொல்லலாகாது. பிறர் உழைப்பை நமதென்று உரைப்பதால் நமக்குப் பெருமை சேராது.

உண்மையான தொடர்பு எது என்று தேடினால், பொய்யைவிட அது சுவையானது. கம்போச மன்னன் நட்பை நாடி இராசேந்திர சோழனுக்குத் தேர் ஒன்றை அனுப்பியதாகக் கரந்தைச் செப்பேடு கூறுகிறது. முதற் குலோத்துங்கன் காலத்தில் கம்போச அரசன் காட்சிப் பொருளாக அனுப்பிய கல் ஒன்று, தில்லையில் எதிரம்பலத்தில் பதிக்கப்பட்டதாக 1114ஆம் ஆண்டுக் கல்வெட்டு தெரிவிக்கிறது. அங்கோர் வாட் எழும்பத் தொடங்கிய காலமும் ஏறத்தாழ அதுவே.

இவற்றையெல்லாம் விடச் சைவர் நெஞ்சை நெகிழ வைக்கும் ஒன்று சியம் ரீப்பிற்கு வடகிழக்கே பந்தே ஸ்ரே என்னும் கோயிலில் இருக்கிறது. பெரிய கோயில்களைப் பார்த்துக் களைத்துப்போன பயணிகள் இதனை விட்டுவிடுவதுண்டு. அப்படி விடலாகாது. அளவில் சிறியது, செந்நிற மணற்கல்லால் ஆனது. சந்தனக் கட்டையில் செய்யும் நுண்வேலையைக் கல்லில் செய்திருக்கிறார்கள். கட்டியவர் மன்னரல்லர், யக்ஞவராகர் என்னும் அந்தணர், பின்னாளில் ஐந்தாம் செயவர்மனுக்குக் குருவாக விளங்கியவர். 967ஆம் ஆண்டு இங்கே சிவலிங்கத் திருமேனி திரிபுவனமகேசுவரர் என்ற பெயரில் நிறுவப்பட்டது. இராவணன் கயிலையை அசைப்பதும், காமன் எரிக்கப்படுவதும் முகப்புகளில் உள்ளன.

கிழக்குக் கோபுர வாயிலின் முகப்பில் பல கரங்களுடன் இறைவன் ஆடுகிறான். அவன் திருவடியின் அருகே, வற்றிய உடலும் தொங்கிய மார்பும் உடைய ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள். ஆய்வாளர்கள் அவ்வுருவத்தைக் காரைக்கால் அம்மையார் என்று அடையாளம் காண்கின்றனர். பேயுருவை வரமாகக் கேட்டுப் பெற்று, திருவாலங்காட்டில் ஆடும் பெருமான் திருவடிக்கீழ் இருந்த புனிதவதியார் அவர். சேக்கிழார் பெருமான் திருத்தொண்டர் புராணம் பாடியது 12ஆம் நூற்றாண்டில். அதற்கு ஏறத்தாழ 170 ஆண்டுகளுக்கு முன்பே கெமர் நாட்டுச் சிற்பி அம்மையாரைக் கல்லில் வடித்துவிட்டான்! கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடவல்லான் அருகே அம்மையார் அமர்ந்திருக்கும் சிற்பமும் இதற்குப் பிற்பட்டதே. அம்மையாரின் கணவர் பரமதத்தன் கப்பலேறி வாணிகம் செய்தவன் என்று புராணம் சொல்லும். அந்த வணிகர் குலத்துப் பெண்ணின் புகழும் கடல் கடந்தே சென்றிருக்கிறது. அரசியல்லர், படைத்தலைவரின் மகளல்லர். ஒரு குடும்பப் பெண். தமிழகத்திலிருந்து அங்கே சென்று நிலைத்த பெயர்களுள் அவருடையதும் ஒன்று என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இவ்வளவு சிறந்த சைவம் அந்நாட்டில் ஏன் நிலைக்கவில்லை என்ற வினா எழும். சயாமியர் படையெடுப்பைக் காரணம் காட்டுவார்கள். 1431ஆம் ஆண்டு அயுத்தியாவின் படை அங்கோரைக் கைப்பற்றியது மெய். ஆனால் சமயம் மாறியது அதற்கு முன்பே. கெமர் நாட்டில் பெருங்கோயில் என்றால் மன்னன் கோயில். முதலாம் இந்திரவர்மன் 881இல் பாக்கொங் கோயிலில் நிறுவிய லிங்கத்துக்கு இந்திரேசுவரர் என்று பெயர். மன்னன் பெயரும் ஈசன் பெயரும் ஒன்றாக இணைந்துவிட்டன. ஏழாம் செயவர்மன் மகாயான பௌத்தத்தைத் தழுவினான். நாட்டின் பெருங்கோயில்களும் அவனோடு மாறின. பின்னர் எட்டாம் செயவர்மன் சைவனானான். அவன் காலத்தில் ஆயிரக்கணக்கான புத்தர் உருவங்கள் உளியால் சிதைக்கப்பட்டன என்பது ஆய்வாளர் கருத்து. தா புரோம் முதலிய இடங்களில் அந்த வெற்று மாடங்களை இன்றும் காணலாம். சைவர் செய்தது என்பதற்காக இதனை மறைத்துப் பேசுதல் முறையன்று. அவனுக்குப் பின் தேரவாத பௌத்தம் வந்தது. அது ஊர்தோறும் விகாரம் அமைத்து, குடியானவன் பிள்ளைக்கும் பாடம் சொன்னது, நிலைத்தது. அரசன் கொண்டு வந்தது அரசனோடு போயிற்று.

அங்கோர் வாட்டின் மேற்கு வாயிலில் எட்டுக் கரங்களுடன் ஒரு பெரிய திருமால் திருமேனி நிற்கிறது. மக்கள் தா ரீச் என்று அழைத்து இன்றும் ஊதுவத்தி ஏற்றி வணங்குகிறார்கள். வணங்குபவர்கள் பௌத்தர்கள்.

அடுத்து, நிர்வாகத்தினர் சற்றுக் கூர்ந்து கேட்க வேண்டிய செய்தி. கெமர் நாட்டார் கோயிலுக்கு உரியதை எழுதி வைத்தனர். 1053ஆம் ஆண்டைச் சேர்ந்த சடோக் காக் தோம் கல்வெட்டு 340 வரிகள் கொண்டது. ஒரு குருக்கள் குடும்பத்தின் இருநூற்றைம்பது ஆண்டு வரலாற்றையும் அவர்கள் பெற்ற நிலங்களையும் அது பட்டியலிடுகிறது. 1186ஆம் ஆண்டுத் தா புரோம் கல்வெட்டு, அக்கோயிலுக்கு 3,140 ஊர்களும் 79,365 ஆட்களும் பணி செய்தனர் என்றும், அவர்களுள் ஆடல் மகளிர் 615 பேர் என்றும் கணக்குக் காட்டுகிறது. ஊர்கள் மறைந்துவிட்டன, மரத்தின் வேர் சுவரைப் பற்றி நிற்கிறது. எனினும் யாருக்கு எது உரியது என்று இன்றும் படித்தறிய முடிகிறது.

பதிவு இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதற்கும் அங்கேயே சான்றுண்டு. 11ஆம் நூற்றாண்டுச் சிவாலயமான பாபுவோன் சரிந்து கொண்டிருந்ததால், 1960களில் பிரெஞ்சு அறிஞர்கள் அதனைக் கல் கல்லாகப் பிரித்தனர். ஏறத்தாழ 300,000 கற்கள்! ஒவ்வொன்றும் எங்கே இருந்தது என்று ஏட்டில் குறித்து, காட்டில் பரப்பி வைத்தனர். போர் மூண்டது, 1975இல் கெமர் ரூஜ் ஆட்சிக்கு வந்தபோது அந்த ஏடுகள் அழிந்தன. கற்கள் அனைத்தும் இருந்தன. எந்தக் கல் எவ்விடத்தது என்ற குறிப்பு மட்டும் இல்லை. 1995இல் மீண்டும் தொடங்கிய பணி 2011இல்தான் முடிந்தது. ஒரு கட்டுக் காகிதம் காணாமற்போனதற்கு விலை பதினாறு ஆண்டு உழைப்பு.

இங்கே, இந்நாட்டில், நிலைமை வேறு. கிள்ளான், காப்பார், மேரு வட்டாரங்களில் தோட்டத் தொழிலாளர் மரத்தடியில் கல் நட்டு, சூலம் நட்டு, விளக்கேற்றித் தொடங்கிய கோயில்கள் பல. மன்னன் எவனும் கட்டித் தரவில்லை. சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கட்டியவை. அதனாலேயே தோட்டம் விற்கப்பட்ட பின்னும் வழிபாடு நிற்கவில்லை. ஆனால் நிலம் தோட்ட நிறுவனத்தின் பெயரில் இருந்தது. கோயில் எந்த ஆண்டு எழுந்தது, எவர் இடம் தந்தார் என்று எழுதி வைத்தவர் சிலரே. "துரை வாய்மொழியாகக் கொடுத்தார்" என்பதை நில அலுவலகம் சான்றாக ஏற்காது. அதிகாரியைக் குறை கூறிப் பயனில்லை. அவர் முன் கோப்பில் உள்ளது மட்டுமே அவருக்குத் தெரியும்.

கெடா மாநிலப் பூஜாங் பள்ளத்தாக்கில், சுங்கை பத்துவில் இருந்த 11ஆம் எண் சண்டியின் இடிபாடு தரைமட்டமாக்கப்பட்ட செய்தி 2013ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியானது. ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்டதாகக் கருதப்பட்ட அவ்விடம் தனியார் நிலத்தில் இருந்தது. மரபுடைமை என்று அரசிதழில் அறிவிக்கப்படவில்லை என்பதே அப்போது தரப்பட்ட விளக்கம். ஆயிரம் ஆண்டுக் கல்லுக்கே அந்நிலை என்றால், எழுபது எண்பது ஆண்டுக் கோயிலுக்குத் தாள் எவ்வளவு தேவை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள். பழைய திருவிழா அழைப்பிதழ், நன்கொடை ரசீது, மின்கட்டண ரசீது, தீமிதி நாளில் எடுத்த புகைப்படம், தோட்ட நிர்வாகத்தின் கடிதம் ஆகியன வீட்டுப் பெட்டியில் கிடந்தால் ஆலய அலுவலகத்தில் கொண்டு வந்து கொடுங்கள். நகல் எடுத்துக் கொண்டு திருப்பித் தருவார்கள். எண்பது வயதைக் கடந்த பாட்டியரையும் தாத்தாக்களையும் பேசச் சொல்லி, பெயரும் ஆண்டும் குறித்துக் கொள்வது இளைஞர் பகுதியின் பொறுப்பாகட்டும்.

சியம் ரீப் செல்ல விரும்புவோருக்குச் சில குறிப்புகள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெயிலும் மழையும் குறைவு. ஒருநாள் நுழைவுச் சீட்டு 2017 முதல் 37 அமெரிக்க டாலர். பந்தே ஸ்ரேயும் அதில் அடங்கும். தோளும் முழங்காலும் மறையும்படி உடுத்திச் செல்ல வேண்டும். நேரம் உள்ளவர்கள் க்பால் ஸ்பியன் மலைக்கும் ஏறலாம். 11ஆம் நூற்றாண்டில் ஆற்றின் அடித்தளப் பாறையிலேயே வரிசை வரிசையாக லிங்கங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். அவற்றின் மேல் ஓடிய நீர் வயல்களுக்குப் பாய்கிறது. பந்தே ஸ்ரேக்குக் காலையிலேயே போய்விடுங்கள். கூட்டம் சேர்ந்துவிட்டால் அம்மையாரை நின்று பார்க்க இயலாது. வழிகாட்டிகளில் பலர் ஆடும் சிவனைக் காட்டிவிட்டு நடந்துவிடுவார்கள். கீழே அமர்ந்திருப்பவரை நீங்கள்தான் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும்.

கம்போடியா வரை செல்ல இயலாதவர்கள் மெர்போக் செல்லலாம். கிள்ளானிலிருந்து காரில் ஏறத்தாழ ஐந்து மணி நேரம். குனோங் ஜெராய் மலையடிவாரத்தில், ஆற்றோரத்தில், புக்கிட் பத்து பகாட் சண்டி மீண்டும் அடுக்கப்பட்டு நிற்கிறது.