தட்டில் எவ்வளவு இருக்கிறது?

(அறந்தாங்கியில் நடந்த இலவச சர்க்கரை நோய்ப் பரிசோதனை முகாமில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)





போன முகாமுக்கு வந்த ஒரு சகோதரரைப் பற்றிச் சொல்லித் தொடங்குகிறேன். கடைத்தெருவில் வியாபாரம் செய்பவர். சர்க்கரை எட்டிப் பார்க்கிறது, எடையைக் குறையுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மூன்று மாதமாக மதியச் சோற்றைப் பாதியாக்கிவிட்டார். எடையோ அப்படியே நின்றது. "என் உடம்புவாகு அப்படி" என்று சலித்துக்கொண்டார். ராத்திரிச் சாப்பாடு எங்கே என்று கேட்டோம். வாரத்தில் மூன்று நாள் கடையடைக்க நேரமாகிவிடும், அன்றைக்கெல்லாம் பரோட்டாதான் என்றார்.

உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஒரு பரோட்டா சுமார் 250 கலோரி. மூன்றுக்கு 750. எண்ணெய் மிதக்கும் சால்னா 150. ஒரு சிறிய தட்டு சிக்கன் 65, இன்னொரு 250. மொத்தம் 1,150. வீட்டில் சாப்பிட்டிருந்தால் 500-இல் முடிந்திருக்கும். ஆக, ஒரு ராத்திரிக்கு 650 அதிகம். மூன்று ராத்திரிக்கு 1,950. மதியச் சோற்றைக் குறைத்ததில் அவர் மிச்சம் பிடித்தது நாளைக்கு 300, வாரத்துக்கு 2,100. ஏழு நாள் மிச்சத்தை மூன்று ராத்திரி தின்றுவிட்டது. வியாபாரி அல்லவா, உடனே புரிந்துகொண்டார்.

ஓட்டலில் இதை யார் சொல்வார்கள்? பத்து அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் உள்ள பெரிய உணவகங்கள் உணவுப் பட்டியலில் கலோரி அளவைக் காட்ட வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-இல் விதி கொண்டுவந்தது. 2022-இல் அது நடைமுறைக்கு வந்தது. நம் அறந்தாங்கி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் கடைகளுக்கு அது பொருந்தாது. எனவே கணக்கு நம் கையில்தான் இருக்கிறது. கை என்று சொன்னது வெறும் பேச்சுக்கு அல்ல, கையே அளவுகோல்.

உங்கள் மூடிய கைப்பிடி அளவு சோறு சுமார் 200 கலோரி. விரல்களை விட்டு உள்ளங்கை அளவு, குழம்பில் வெந்த கோழிக்கறி சுமார் 150. அதையே எண்ணெயில் பொரித்தால் 250-ஐத் தாண்டும். கட்டைவிரல் நுனி அளவு எண்ணெய், அதாவது ஒரு டீஸ்பூன், 45. சீனி ஒரு டீஸ்பூன் 20. இந்த நான்கும் மனதில் இருந்தால் பெரும்பாலான தட்டுகளைக் கணித்துவிடலாம்.

ஒரு தட்டு பிரியாணியைப் பாருங்கள். சோறு மூன்று கைப்பிடி, 600. கறி 150. நெய்யும் எண்ணெயும் குறைந்தது மூன்று டீஸ்பூன், 135. ஏறக்குறைய 900. கூடவே குளிர்பானம் ஒரு பாட்டில் குடித்தால் ஆயிரத்தைத் தாண்டிவிடும். கொத்து பரோட்டாவும் இதற்குக் குறைந்ததல்ல. இட்லி ஒன்று 50-தான். ஆனால் நெய் ரோஸ்ட்டை இட்லிக் கணக்கில் எழுதாதீர்கள். அது 300-க்கு மேல்.

ஒரு எச்சரிக்கை. நம் மதிப்பீடு பெரும்பாலும் குறைவாகவே வரும். மாஸ்டர் ஊற்றிய எண்ணெய் நம் கண்ணில் படுவதில்லை. வந்த தொகையோடு கால் பங்கு கூட்டிக்கொள்ளுங்கள்.

விருந்தில் என்ன செய்வது என்று சகோதரிகள் கேட்கலாம். சஹனில் நான்கு பேர் சேர்ந்து சாப்பிடும்போது தன் பங்கு எவ்வளவு என்றே தெரியாது. பரிமாறியதும் நம் பக்கத்துச் சோற்றைக் கண்ணால் அளந்து, அதோடு நிறுத்திக்கொள்வது ஒரு வழி. கறியையும் தயிர்ப் பச்சடியையும் முதலில் சாப்பிட்டால் சோறு குறைவாகவே இறங்கும்.

எடை குறைய வேண்டியவர் பட்டினி கிடக்கத் தேவையில்லை. நாளொன்றுக்கு 500 கலோரி குறைந்தால் வாரத்துக்கு அரைக் கிலோ வரை இறங்கும். அந்தச் சகோதரர் பரோட்டாவை விடவில்லை. மூன்றை ஒன்றாக்கினார், 65-க்குப் பதில் இரண்டு அவித்த முட்டை, சால்னாவில் மேலே மிதக்கும் எண்ணெயை ஒதுக்கினார். இன்று காலை எடை பார்த்தோம். நான்கு கிலோ குறைந்திருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ்.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் உணவைத் திடீரென்று குறைக்க வேண்டாம். சர்க்கரை அளவு ஒரேயடியாக இறங்கி மயக்கம் வரும். கர்ப்பிணிகளுக்கு இந்தக் கணக்கே வேண்டாம்.

நம் நாட்டில் 10 கோடிக்கும் அதிகமானவர்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொல்கிறது. கால் விரல் எடுத்தவர், டயாலிசிஸுக்குப் போய்வருபவர் என்று நம் தெருவிலேயே எண்ணிவிடலாம். சம்பாதிக்கும் ஒருவர் படுத்தால் குடும்பமே படுக்கிறது. உதவி கேட்டு வரும் மனுக்களைப் பார்க்கும் அறக்கட்டளைப் பொறுப்பாளர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

வெளியூர் போனால் ஓட்டல் வாசலிலேயே "ஹலால்தானே?" என்று கேட்கிறோம். நல்ல வழக்கம். உள்ளே உட்கார்ந்த பிறகு "எவ்வளவு?" என்று கேட்பதில்லை. வீண் விரயத்தைத் தடுத்த அதே மார்க்கம்தான் வயிற்றில் மூன்றில் ஒரு பங்கை மூச்சுக்கு விடச் சொல்லித் தருகிறது. ஒருவர் உணவு இருவருக்குப் போதும் என்பதும் நபி (ஸல்) அவர்கள் காட்டிய வழி. அடுத்த முறை இரண்டு பேர் போனால் ஒரு பிரியாணி சொல்லுங்கள். போதவில்லை என்றால் பிறகு வாங்கிக்கொள்ளலாம். பெரும்பாலும் போதும்.

உடல் நலம் அல்லாஹ் நம்மிடம் தந்த அமானிதம். அதைப் பேணும் நல்லறிவை நம் அனைவருக்கும் அவன் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.