எல்லைக் கோடும் ஏழையின் வாக்கும்



தேர்தல் வந்துவிட்டால் நாம் மூன்று கேள்விகளைக் கேட்கிறோம். நிற்பவர் யார்? சின்னம் எது? வென்றவர் பெற்ற வாக்கு வேறுபாடு எவ்வளவு? கேட்க வேண்டியவைதாம், குறை கூறவில்லை. ஆனால், இம்மூன்றுக்கும் முன்னதாகக் கேட்கப்பட வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அதை நாம் கேட்பதேயில்லை. "என் வாக்கு எந்த எல்லைக்குள் எண்ணப்படுகிறது? அந்த எல்லையை வகுத்தவர் யார்?" என்பதே அக்கேள்வி. அதைக் கேட்பதற்கு இந்தச் சமயநல்லூரைவிடப் பொருத்தமான ஊர் வேறில்லை.

வரலாற்றைச் சிறிது புரட்டிப் பார்ப்போம். குடியரசான இந்தியாவின் முதற் பொதுத்தேர்தல் 1952இல் நிறைவுற்றபோது, மதுரை நாடாளுமன்றத் தொகுதியிலிருந்து ஒருவரல்லர், இருவர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஒருவர் எஸ். பாலசுப்பிரமணியம், மற்றவர் பி. கக்கன். ஒரே தொகுதிக்கு இரண்டு உறுப்பினர். அவற்றுள் ஓரிடம் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு உரியது. அதுதான் அந்நாளைய இரட்டை உறுப்பினர் முறை. 1957இல் சென்னை மாநிலச் சட்டமன்றத்திற்கு 205 இடங்கள், தொகுதிகளோ 167தான். அவற்றுள் 38 தொகுதிகள் இரட்டை உறுப்பினர் தொகுதிகள். 1961ஆம் ஆண்டுச் சட்டம் அம்முறைக்கு முடிவு கட்டியது. ஒரு தொகுதிக்கு ஓர் உறுப்பினர் என்றாயிற்று. ஒதுக்கப்பட்ட இடம் தனித் தொகுதி என்னும் உருவம் பெற்றது.

அந்த மாறுதலுக்குப் பின் வந்த முதல் தேர்தல் 1962ஆம் ஆண்டுத் தேர்தல். அதில் சமயநல்லூர் தனித் தொகுதியில் வென்றவர் யார்? 1939 ஜூலை 8ஆம் நாள், வைத்தியநாத ஐயருடன் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்த அந்தச் சிறு குழுவில் ஒருவராக நின்ற அதே கக்கன். ஆலயத்தின் வாயில் அடைக்கப்பட்டிருந்த சமுதாயத்தில் பிறந்தவர், கோட்டையின் வாயில் வழியே அமைச்சராகச் சென்றார். சமயநல்லூரின் உறுப்பினராக இருந்த காலத்திலேதான் 1963இல் உள்துறைப் பொறுப்பும் அவரிடம் வந்தது. அவர் சார்ந்திருந்த காங்கிரஸ் கட்சியோடு உடன்படாதவர்கள்கூட அவருடைய நேர்மையின் முன் தலைவணங்கினர்.

1967இல் சட்டமன்ற இடங்கள் 206லிருந்து 234 ஆயின. எல்லைகள் மாறின. கக்கன் மேலூர் தெற்கில் நின்றார். திராவிட முன்னேற்றக் கழகத்தின் ஓ. பி. ராமனிடம் தோற்றார். ஆட்சியே மாறிய தேர்தல் அது. 1971ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி மீண்டும் எல்லைகள் வகுக்கப்பட்டன. 1977 முதல் 2006 வரை நடந்த தேர்தல்களில் சமயநல்லூர் தனித் தொகுதியாக விளங்கியது. 2001இல் அண்ணா தி.மு.க.வின் பி. பொன்னம்பலம் வென்றார். 2006இல் தி.மு.க.வின் ஆ. தமிழரசி வென்று, ஆதிதிராவிடர் நலத்துறை அமைச்சரானார். கக்கனுக்கு வாய்ப்பளித்த தொகுதி, ஒரு பெண்மணியையும் அமைச்சராக்கி அனுப்பியது.

அதன் பிறகு? 2008 பிப்ரவரி 19ஆம் நாள், நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான மறுவரையறை ஆணையத்தின் ஆணை நடைமுறைக்கு வந்தது. சமயநல்லூர் என்னும் சட்டமன்றத் தொகுதி அத்தோடு முடிந்தது.

கணக்கைப் பாருங்கள். அதற்கு முன்பு மதுரை மாவட்டத்திற்கு 10 தொகுதிகள். பின்பும் 10 தொகுதிகள். கூட்டலும் இல்லை, கழித்தலும் இல்லை என்று தோன்றும். ஆனால் மறைந்தவை எவை? சமயநல்லூர், சேடப்பட்டி. தோன்றியவை எவை? மதுரை வடக்கு, மதுரை தெற்கு. நாட்டுப்புறத் தொகுதிகள் இரண்டு போயின. நகரப் பெயர் தாங்கிய தொகுதிகள் இரண்டு வந்தன. அதுவரை பொதுத் தொகுதியாயிருந்த சோழவந்தான், 190ஆம் எண்ணுடைய தனித் தொகுதியாயிற்று. சமயநல்லூர் அதனுள் ஓர் ஊராக அடங்கிற்று.

நகரத்தார்மீது குறை சொல்வதற்காக இதைக் கூறவில்லை. 1976இல் 42ஆவது அரசியல் சட்டத் திருத்தம் தொகுதிக் கணக்கை 1971ஆம் ஆண்டு மக்கள்தொகையோடு கட்டிவைத்தது. முப்பது ஆண்டுகளில் மதுரை வளர்ந்தது, கோடோ அசையவில்லை. ஆளரவமற்ற பழைய சாரம் இரண்டு உறுப்பினர்களை அனுப்ப, ஆலைகள் நிறைந்த மான்செஸ்டர் ஓர் உறுப்பினருமின்றி நின்ற இங்கிலாந்தின் கொடுமையை 1832ஆம் ஆண்டுச் சீர்திருத்தம்தானே நீக்கிற்று? மக்கள் பெருகிய இடத்திற்கு இடம் பெருகுவது நீதியே. அதை மறுப்பவர் மக்களாட்சியை மறுப்பவராவார்.

அப்படியானால் நம் குறை என்ன? சட்டமன்ற எல்லையோடு நாடாளுமன்ற எல்லையும் மாறியதுதான். பழைய சமயநல்லூர் தொகுதி, மதுரை நாடாளுமன்றத் தொகுதியின் ஓர் உறுப்பு. புதிய சோழவந்தானோ, தேனி நாடாளுமன்றத் தொகுதியின் உறுப்பு. இங்கிருந்து மதுரை பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். காலையில் வேலைக்குப் போவது மதுரைக்கு. காய்கறி விற்பது மதுரையில். நோய் வந்தால் ஓடுவது மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு. மாவட்ட ஆட்சியர் இருப்பதும் மதுரையில். ஆனால் நாடாளுமன்றத்தில் நமக்காகப் பேச வேண்டியவர் தேனியின் உறுப்பினர்! 2019ஆம் ஆண்டுத் தேர்தலை எண்ணிப் பாருங்கள். மதுரை மார்க்சிஸ்ட் கட்சியின் சு. வெங்கடேசனைத் தேர்ந்தெடுத்தது, தேனி அண்ணா தி.மு.க.வின் ப. ரவீந்திரநாத்தைத் தேர்ந்தெடுத்தது. யாருடைய வெற்றி சரி, யாருடைய வெற்றி தவறு என்பதன்று நம் பேச்சு. அன்றாட வாழ்வு ஒரு தொகுதியிலும், வாக்கு மற்றொரு தொகுதியிலும் அமைந்துவிட்டதே என்பதுதான் நம் பேச்சு.

2002ஆம் ஆண்டு மறுவரையறைச் சட்டம் என்ன சொல்கிறது? தொகுதி நிலப்பரப்பில் ஒட்டியதாக இருத்தல் வேண்டும். நிர்வாக எல்லை, போக்குவரத்து வசதி, மக்களின் வசதி ஆகியவற்றைக் கருத வேண்டும். தாழ்த்தப்பட்டோருக்குரிய தொகுதிகள் மாநிலத்தின் பல பகுதிகளிலும் பரவியிருக்க வேண்டும். இயன்றவரை அவர்கள் மிகுதியாக வாழும் இடங்களில் அமைய வேண்டும். நல்ல விதிகள்! ஆனால், நம் வசதியை நாம் எடுத்துரைக்காவிட்டால் ஆணையத்திற்கு அது எவ்வாறு தெரியும்? வரைவை வெளியிட்டு, மறுப்புகளைப் பெற்று, பொது அமர்வில் விசாரித்த பின்பே முடிவு செய்ய வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் உள்ளது. மாநிலத்திற்குப் பத்து இணை உறுப்பினர்கள்: ஐவர் நாடாளுமன்றத்தினர், ஐவர் சட்டமன்றத்தினர். அவர்கள் கருத்துரைக்கலாம், வாக்களிக்க இயலாது. ஆகவே, நம் உறுப்பினர் பார்த்துக்கொள்வார் என்று வாளாவிருக்கலாகாது.

ஆணை வெளிவந்த பிறகு விழித்துப் பயனில்லை. மன்றங்களின் முன் அது வைக்கப்படுமேயன்றித் திருத்தப்படாது. நீதிமன்றத்தில் வழக்காடவும் அரசியல் சட்டத்தின் 329ஆவது பிரிவு தடை விதிக்கிறது. வெளிப்படையாகத் தன்னிச்சையான ஆணையை ஆராயலாம் என்று 2024இல் உச்ச நீதிமன்றம் சொன்னது ஆறுதலே. எனினும் அது குறுகிய வழி. கதவு திறந்திருப்பது வரைவு வெளியாகும் அந்தச் சில வாரங்களில்தான்.

தனித் தொகுதி என்பது பிச்சையன்று, தோழர்களே. 1932ஆம் ஆண்டுப் புனே உடன்படிக்கையில் இரட்டைமலை சீனிவாசனும் எம். சி. ராஜாவும் ஒப்பமிட்டனரே, அதன் வழிவந்த உரிமை அது. அவ்வுரிமைக்கு நம் மாவட்டம் கொடுத்த விலையும் சிறிதன்று. தனி ஊராட்சியாக்கப்பட்ட மேலவளவில் தலைவராக வென்ற முருகேசன் 1997இல் வெட்டிக் கொல்லப்பட்டதை மறக்க முடியுமா? பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் நாட்டார்மங்கலத்திலும் பத்தாண்டுக் காலம் ஊராட்சித் தேர்தல் முறையாக நடக்கவிடப்படாமல், 2006இல்தான் நடந்தேறியதை மறக்க முடியுமா? உயிரைக் கொடுத்துக் காத்த உரிமை, வரைபடத்தின் முன் நாம் காட்டும் கவனக்குறைவால் வலுவிழக்கலாகாது.

2001ஆம் ஆண்டின் 84ஆவது திருத்தம், இடங்களின் எண்ணிக்கையை 2026க்குப் பின் வரும் கணக்கெடுப்பு வரை நிறுத்திவைத்தது. 2027 மார்ச் முதல் நாளை அடிப்படையாகக் கொண்ட கணக்கெடுப்பு 2025இல் அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டின் இடங்கள் குறையுமோ என்ற பெரிய கேள்வியைப் பற்றி எங்கும் பேசுகிறார்கள், பேச வேண்டும். ஆனால், மாநிலத்திற்குள் கோடு எவ்வழி செல்லும் என்பதும் அதே வேளையில் முடிவாகும். அடுத்த வரைவு என்று வரினும், ஊர்தோறும் அதைப் படித்துக் காட்டுவோர் வேண்டும். எந்த ஊராட்சி எந்த வட்டத்தோடு சேர்கிறது என்று குறிப்பெடுப்போர் வேண்டும். பொது அமர்வுக்குச் சென்று, "எங்கள் சந்தை இது, எங்கள் மருத்துவமனை இது, எங்கள் சாலை இது" என்று எழுத்தில் கொடுப்போர் வேண்டும்.

சமயநல்லூர் என்ற பெயரை மீண்டும் தொகுதிப் பட்டியலில் எழுதுங்கள் என்று கெஞ்ச நான் வரவில்லை. பெயர் போனால் போகட்டும்; மக்களின் வசதி போகலாகாது. 2008இல் கோடு போட்ட பிறகு குரல் கொடுத்தோம். அது எவர் செவியிலும் ஏறவில்லை. இனிமேல், கோடு போடுமுன் குரல் கொடுப்போம்!