நம் வீட்டில் எத்தனை பேர்?

(பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற குடும்ப நாள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"குடும்பத்தில் மகிழ்ச்சி" என்ற தலைப்பில் பேசும்படி விழாக் குழுவினர் என்னைப் பணித்தார்கள். அடுத்தது பிள்ளைகளின் நாடகம், ஆகவே பதினைந்து நிமிடத்தைத் தாண்டக்கூடாது என்று அன்போடு எச்சரித்தும் இருக்கிறார்கள். எனவே நேரே ஒரு கதைக்கு வந்துவிடுகிறேன்.

இத்தாலி நாட்டிலிருந்து வந்து, தமிழ் கற்று, தமிழுக்கே உரியவராகிப் போனவர் வீரமாமுனிவர். தேம்பாவணி என்னும் காவியம் பாடிய அதே கைதான், வயிறு குலுங்கச் சிரிக்க வைக்கும் பரமார்த்த குரு கதையையும் எழுதியது. அந்தக் குருவுக்குச் சீடர்கள் ஐந்து பேர். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்பவை அவர்களுடைய திருநாமங்கள். ஆற்றைக் கடந்து கரையேறியதும், எல்லாரும் வந்து சேர்ந்தோமா என்று எண்ணிப் பார்க்கிறார்கள். எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு மற்றவர்களை எண்ணுகிறான். ஆறு பேர் நிற்கும் இடத்தில் ஐந்துதான் வருகிறது. ஒருவரை ஆறு விழுங்கிவிட்டது என்று கரையில் உட்கார்ந்து அழுகிறார்கள். அவ்வழியே வந்த ஒருவன் ஆளுக்கு ஓர் அடி கொடுத்து எண்ணவைத்த பிறகுதான் கணக்குச் சரியாகிறது.

கேட்டுச் சிரிக்கிறோம். ஆனால் நம் வீட்டுக் கணக்கு மட்டும் சரியாக இருக்கிறதா? குடும்ப அட்டையில் எல்லார் பெயரும் இருக்கிறது. பள்ளிக் கட்டணம், மருந்துச் செலவு, மின் கட்டணம் எல்லாவற்றுக்கும் தலை எண்ணிக் கணக்குப் போடுகிறோம். மகிழ்ச்சி என்று வரும்போது மட்டும் யாராவது ஒருவர் கணக்கில் விட்டுப்போகிறார். அவர் யார் என்று தேடிப் பார்ப்பதுதான் இன்று என் வேலை.

முதலில் விட்டுப்போகிறவர் பெரும்பாலும் அம்மா. ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் விடுமுறை. அடுப்புக்கு மட்டும் விடுமுறை இல்லை. பூசை முடிந்து வந்ததும் கறி வாங்கிக் கொடுத்ததோடு அப்பாவின் கடமை முடிந்துவிடுகிறது. பிள்ளைகள் தொலைக்காட்சி முன் அமர்ந்துவிடுகிறார்கள். எல்லாரும் உண்டு முடித்து, கை கழுவி, கண்ணயர்ந்த பிறகு, சட்டியின் அடியில் மிஞ்சிய குழம்போடு அந்தத் தாய் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறாள். "நீ சாப்பிட்டாயா?" என்று கேட்பவர் உண்டு. "நாம் சேர்ந்து சாப்பிடலாம், வா" என்று சொல்பவர் குறைவு.

இதற்கு நான் ஒரு பழைய மருந்தைச் சொல்கிறேன். நிலாச்சோறு. வளர்பிறை நாளில் மொட்டைமாடியிலோ வாசலிலோ பாயை விரித்து எல்லாரும் வட்டமாக உட்காருங்கள். நேற்றைய மீன் குழம்பும் ஆறிய சோறும் போதும். ஒரு பெரிய பாத்திரத்தில் பிசைந்து, நீட்டிய கைகளில் உருண்டை உருண்டையாக வைக்க வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை. பிசைகிறவர் அப்பாவாக இருக்கட்டும். முதல் உருண்டை அம்மாவின் கைக்குப் போகட்டும். அந்த ஒரு மணி நேரம் வீட்டிலுள்ள கைபேசிகள் எல்லாம் ஒரு கூடைக்குள் உறங்கட்டும். இதற்கு எவ்வளவு செலவு? ஒரு காசும் இல்லை.

இன்னொன்றும் கேளுங்கள். திருமணத்துக்கு முன் உங்கள் மனைவி எதில் மகிழ்ந்தாள் என்று தெரியுமா? பாடகர் குழுவில் பாடியிருப்பாள். பூத்தையல் போட்டிருப்பாள். தொடர்கதைக்காக வாராவாரம் காத்திருந்திருப்பாள். அதெல்லாம் எங்கே போயிற்று? 1948இல் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் நம்முடையது. சுதந்திர இந்தியாவில் இத்தகைய சட்டங்களுள் அதுவே முதலாவது. கிளை நூலகத்தில் உறுப்பினராகச் சேர்த்து, மாதம் இரண்டு புத்தகம் கொண்டுவந்து கொடுங்கள். அதைப் படிப்பதற்கு ஒரு மணி நேரத்தையும் சேர்த்துக் கொடுங்கள். நேரம் இல்லாமல் புத்தகம் மட்டும் கொடுத்தால், அது துடைத்து அடுக்க வேண்டிய இன்னொரு பொருளாகிவிடும்.

இரண்டாவதாக விட்டுப்போகிறவர் அப்பா. எனக்குத் தெரிந்த ஒருவர் பதினெட்டு ஆண்டுகள் வளைகுடா நாட்டில் உழைத்தார். வீடு கட்டினார். தங்கைகள் இருவரைக் கரையேற்றினார். ஊரோடு வந்து சேர்ந்தபோது மகனுக்குப் பத்தொன்பது வயது. "கேட்டதற்குப் பதில் சொல்கிறான். ஆனால் அவனாக வந்து என்னிடம் எதுவும் சொல்வதில்லை" என்று அவர் சொன்னபோது குரல் கம்மிவிட்டது. அவரைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. குடும்பத்துக்காகத்தான் போனார். ஆனால் இங்கே உள்ளூரிலேயே, வளைகுடாவில் இருப்பவர் போல வாழும் அப்பாக்கள் எத்தனை பேர்! "பிறகு பார்க்கலாம்" என்பது அவர்களுடைய மந்திரம். கடன் அடையட்டும், பிறகு. பதவி உயர்வு வரட்டும், பிறகு. ஓய்வு பெறட்டும், பிறகு. அந்தப் "பிறகு" வரும்போது பிள்ளைகள் வேறு ஊரில் இருப்பார்கள்.

அந்த நண்பர் என்ன செய்தார் தெரியுமா? புத்திமதி சொல்லவில்லை. ஒரு நாள் தமது பழைய சைக்கிளை முற்றத்தில் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். சற்று நேரத்தில் மகன் தானாக வந்து பக்கத்தில் குந்தினான். ஸ்பானரை எடுத்துக் கொடுத்தான். செயினைக் கழற்றிக்கொண்டே கல்லூரியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தான். எதிரெதிரே உட்காரவைத்துப் "பேசு" என்றால் பிள்ளைகள் பேசமாட்டார்கள். கை ஒரு வேலையில் இருக்கும்போது வாய் தானாகத் திறக்கும். பொழுதுபோக்கின் பெரிய பயன் இதுதான். முருங்கைப் போத்து நடுவதானாலும், மீன் தொட்டி கழுவுவதானாலும், கிறிஸ்மஸ் குடில் கட்டுவதானாலும், சேர்ந்து செய்யுங்கள். செய்த பொருள் கோணலாக இருந்தாலும் பரவாயில்லை.

மூன்றாவதாக விட்டுப்போகிறவர்கள், திண்ணையிலிருக்கும் தாத்தாவும் பாட்டியும். அவர்களுக்கு வேளாவேளைக்கு மருந்து கொடுக்கிறோம். அதோடு நம் கடமை தீர்ந்தது என்று எண்ணுகிறோம். மாத்திரை உடலைத் தேற்றும். மனத்துக்குத் துணை வேண்டும். பரணிலிருக்கும் பல்லாங்குழிப் பலகையைத் தூசி தட்டி எடுங்கள். பதினான்கு குழி, கொஞ்சம் புளியங்கொட்டை, வேறென்ன வேண்டும்? பேரனைப் பாட்டி தோற்கடிக்கட்டும். ஆடுபுலி ஆட்டத்துக்கு ஒரு சாக்கட்டியும் சிமெண்டுத் தரையும் போதும். மூன்று புலி, பதினைந்து ஆடு. தனியாக நிற்கும் ஆட்டைப் புலி தாண்டி வெட்டிவிடும். ஒன்றுக்குப் பின் ஒன்றாகச் சேர்ந்து நின்றால் புலியையே ஆடுகள் அடைத்துவிடும். குடும்பத்துக்கு இதைவிட நல்ல பாடம் எங்கே கிடைக்கும்? ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இந்தக் கோயில் எழும்பியபோது மண் சுமந்தவர்கள் சிலர் இன்றும் நம்மோடு இருக்கிறார்கள். ஆட்டத்துக்கு நடுவே அந்தக் கதைகளைக் கேட்டுவையுங்கள். அவை எந்த மலரிலும் முழுதாக அச்சேறுவதில்லை.

இனி பிள்ளைகள். அவர்கள் எண்ணிக்கையில் விட்டுப்போவதில்லை என்பீர்கள். உண்மைதான். ஆனால் அவர்களுடைய மதிப்பெண்ணை எண்ணுகிறோம், அவர்களை எண்ணுகிறோமா? சலீம் அலி சிறுவனாக இருந்தபோது, தான் சுட்டு வீழ்த்திய ஒரு சிட்டுக்குருவியின் கழுத்தில் மஞ்சள் நிறம் இருப்பதைக் கண்டு வியந்தார். அது என்ன குருவி என்று கேட்டுக்கொண்டு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போனார். அங்கே செயலாளராக இருந்த மில்லார்டு என்பவர் அந்தச் சிறுவனை விரட்டவில்லை. குருவியின் பெயரைச் சொன்னார். அங்கே சேகரித்து வைத்திருந்த பறவைகளைத் திறந்து காட்டினார். படிக்கப் புத்தகமும் கொடுத்தார். இந்தியாவின் பறவை இயலுக்கே தந்தை போன்ற ஒருவர் நமக்குக் கிடைத்தார். "இதென்ன வேண்டாத வேலை, போய்ப் பாடத்தைப் படி" என்று அன்று அவர் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? உங்கள் பிள்ளை கல் பொறுக்கலாம், தபால்தலை ஒட்டலாம், பழைய ரேடியோவைக் குடையலாம். எல்லாப் பிள்ளைகளும் சலீம் அலி ஆக வேண்டாம். தன் ஆர்வத்தைக் கேட்க வீட்டில் ஒரு காது உண்டு என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்தால் போதும்.

பயணத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. நம்மில் பலருக்குத் தெரிந்த ஒரே பயணம் வேளாங்கண்ணி. ஆகஸ்டு 29இல் கொடியேறி, செப்டம்பர் 8 வரை நடக்கும் திருவிழாவுக்குப் போகிறோம். போன வேகத்தில் திரும்புகிறோம். அடுத்த முறை, கூட்டம் குறைந்த மாதத்தில் போய், இன்னும் ஒரு நாள் தங்கிப் பாருங்கள். அங்கிருந்து தெற்கே போனால் வேதாரண்யம். 1930 ஏப்ரலில் ராஜாஜியின் தலைமையில் திருச்சியிலிருந்து நடந்தே வந்த தொண்டர்கள் உப்பு அள்ளிய இடம். வரலாற்றுப் புத்தகத்தில் மனப்பாடம் செய்த ஆண்டு, உப்பளத்தைக் கண்ணால் பார்த்தால் பிள்ளைகளுக்கு மறக்காது. அதற்கும் அப்பால் கோடியக்கரை. சலீம் அலியே பறவைகளை ஆராய வந்துபோன இடம் அது. வெளிமான் துள்ளுவதைப் பார்க்கலாம். பனிக்காலமானால் பூநாரைகள் வந்திருக்கும்.

வேகமாகப் போவதுதான் பயணம் என்றும் நினைக்கவேண்டாம். 1908இல் உதகமண்டலத்தை எட்டிய மலை ரயிலைப் பாருங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து 46 கிலோமீட்டர் ஏறுவதற்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. பஸ்ஸில் ஏறினால் அதற்கு வெகுமுன்பே போய்விடலாம். ஆனாலும் மக்கள் அந்த ரயிலுக்குத்தான் காத்துக்கிடக்கிறார்கள். 16 குகை. ஒவ்வொரு குகைக்குள்ளும் பிள்ளைகள் கூவுகிற கூச்சல்! கூடவே பெரியவர்களும் கூவுகிறார்கள். உலகப் பாரம்பரியச் சின்னம் என்று 2005இல் அதற்குப் பெருமையும் கிடைத்தது.

புறப்படும்போது சில காரியங்களை மனத்தில் வையுங்கள். கடன் வாங்கிச் சுற்றுலா போகாதீர்கள். வட்டி கட்டும் காலத்தில், பார்த்த அருவியெல்லாம் கசந்துபோகும். ஒரே நாளில் ஏழு இடம் என்று ஓடாதீர்கள். எங்கே போவது என்று முடிவு செய்யும்போது தாத்தாவின் முழங்காலையும் எண்ணிக்கொள்ளுங்கள். ஸ்டவ்வையும் பாத்திரத்தையும் தூக்கிக்கொண்டு போய், அங்கேயும் அம்மாவைச் சமைக்கவிடாதீர்கள். அடுப்பைக் கூடவே கொண்டுபோனால் அவளுக்கு அது பயணமா, இடமாற்றமா?

கடைசியாக ஒருவர் பாக்கி இருக்கிறார். அந்தச் சீடன் விட்டுவிட்டது யாரை? தன்னைத்தானே. "எனக்கென்ன, நீங்கள் சந்தோஷமாக இருந்தால் போதும்" என்று சொல்லும் தியாகிகள் நம் வீடுகளில் நிறைய உண்டு. அந்த மனம் பெரியது. ஆனால் நாம் ஒதுங்கி நின்றால் மற்றவர்களின் மகிழ்ச்சியும் குறைபடுகிறது. அப்பா இல்லாத புகைப்படத்தைப் பிள்ளைகள் பின்னாளில் பார்க்கும்போது, "படம் எடுத்தவர் அவர்தான்" என்று சொல்லி ஆறுதல் அடைவார்களா? ஒருமுறையாவது கேமராவைப் பக்கத்திலிருப்பவரிடம் கொடுத்துவிட்டு நீங்களும் வந்து நில்லுங்கள்.

இந்த விழா முடிந்ததும் பந்தலைப் பிரித்துவிடுவார்கள். விளக்குகளை அவிழ்த்துவிடுவார்கள். உங்கள் வீட்டில் மட்டும் ஒரு காரியம் மிஞ்சட்டும். இன்றிரவு படுக்கப்போகும் முன் எண்ணிப் பாருங்கள். இந்த வாரம் நம் வீட்டில் சிரித்தவர்கள் எத்தனை பேர்? ஒருவர் குறைந்தால், அவருக்காக வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரத்தை இப்போதே குறித்துவையுங்கள். கணக்கைச் சரிசெய்ய வழிப்போக்கன் தடியோடு வரும்வரை காத்திருக்க வேண்டாம்.