"சோம்பேறி" என்று சொல்வதற்கு முன்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் குடியிருப்பவர் ஒருவர் ஆற்றிய உரை)

தண்ணீர் லாரி, லிஃப்ட் பராமரிப்பு எல்லாம் பேசி முடித்த பிறகும் எனக்குப் பத்து நிமிடம் ஒதுக்கிய செயலாளர் சாருக்கு நன்றி. நான் பேசப்போவது என் மகனைப் பற்றி. அவனிடம் கேட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறேன். "சொல்லும்மா, இன்னொரு பையன் அடி வாங்காம இருப்பான்" என்றான்.

ஆமாம், அடித்திருக்கிறேன். கிரிவலப் பாதையின் எட்டு லிங்கங்களையும் வரிசை மாறாமல் சொல்லுவான். ஒருமுறை கேட்ட கதையை அப்படியே திருப்பிச் சொல்லுவான். ஆனால் மூன்றாம் வகுப்பில் ஒரு பத்தியைப் படிக்கத் திணறுவான். 43-ஐ 34 என்று எழுதுவான். பள்ளியில் "புத்திசாலிதான், கவனம் இல்லை" என்றார்கள். நான் "சோம்பேறி" என்றேன். இரண்டு டியூஷன் மாற்றினேன். தேர்வு நாள் வந்தால் அவனுக்கு வயிற்று வலி வரும்.

ஐந்தாம் வகுப்பில் ஒருநாள் பாடத்தைக் கடகடவென்று படித்தான். மகிழ்ச்சியோடு எட்டிப் பார்த்தேன். புத்தகத்தில் திறந்திருந்தது வேறு பக்கம். நண்பன் படிப்பதைக் கேட்டுக் கேட்டு முழுப் பாடத்தையும் மனப்பாடம் செய்திருக்கிறான். வகுப்பில் யாரையும்விட அதிகமாக உழைத்த பிள்ளையைத்தான் நான் சோம்பேறி என்று சொல்லியிருக்கிறேன்.

அதற்குப் பிறகுதான் பரிசோதனைக்கு அழைத்துப் போனோம். டிஸ்லெக்சியா என்றார்கள். எழுத்தையும் ஒலியையும் இணைப்பதில் மூளை எடுத்துக்கொள்ளும் சிரமம் அது. அறிவுக் குறைவு இல்லை. 1896-லேயே இங்கிலாந்தில் ஒரு மருத்துவர் இப்படி ஒரு 14 வயதுப் பையனைப் பற்றி எழுதியிருக்கிறார். பாடம் முழுவதும் வாய்மொழியாக இருந்தால் பள்ளியிலேயே அவன்தான் கெட்டிக்காரன் என்று அவனுடைய ஆசிரியரே சொன்னாராம்.

நம் தமிழிலும் இது வரும். 'கொ' என்ற எழுத்தைப் பாருங்கள். காதில் முதலில் விழுவது 'க்'. கண்ணில் முதலில் படுவது கொம்பு. கடைசியில் ஒரு கால் வேறு. நமக்குப் பழகிவிட்டது. அந்தப் பிள்ளைக்கு ஒவ்வொரு முறையும் புதிதாக இருக்கிறது.

கணக்கில் வரும் சிரமத்துக்கு டிஸ்கால்குலியா என்று பெயர். நான்காம் வகுப்பிலும் 8-உம் 5-உம் கூட்ட விரல் விடுவது, கடிகாரம் பார்க்கத் தடுமாறுவது, கடையில் மீதிச் சில்லறை சரியா என்று தெரியாமல் நிற்பது போன்றவை அதன் அடையாளங்கள். ஓர் அடையாளத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். சின்ன வயதில் எல்லாப் பிள்ளைகளும் எழுத்தைத் திருப்பிப் போடுவார்கள். நன்றாகச் சொல்லிக் கொடுத்தும் மாதக்கணக்கில் மாறவில்லை என்றால் கவனியுங்கள்.

என்ன செய்ய வேண்டும்? முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். பழைய நோட்டுகளைத் தூக்கிப் போடாமல் எடுத்து வையுங்கள். வகுப்பு ஆசிரியரிடம் அவர் கவனித்ததை எழுதித் தரச் சொல்லுங்கள். பிறகு மருத்துவ உளவியலாளரிடம் போங்கள். அவர் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்றவரா என்று தயங்காமல் கேளுங்கள். ஊசி, ஸ்கேன் எதுவும் கிடையாது. அறிவுத்திறன் சோதனையும், படிப்பது, எழுதுவது, கணக்குப் போடுவது பற்றிய சோதனைகளும் இருக்கும். ஒரே நாளில் முடியாமலும் போகலாம். பிள்ளை வீட்டில் பேசும் மொழி, பள்ளியில் படிக்கும் மொழி இரண்டையும் சொல்லிவிடுங்கள்.

நம் ஊரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் நலப் பிரிவிலோ மனநலப் பிரிவிலோ விசாரித்துத் தொடங்கலாம். வெளியே போக முடிந்தவர்களுக்கு வேலூர் சி.எம்.சி. இருக்கிறது. சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இதே வேலையைச் செய்கிறது.

ஒன்றை மறக்காதீர்கள். உளவியலாளர் தரும் அறிக்கை வேறு, அரசுச் சான்றிதழ் வேறு. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, கற்றல் குறைபாட்டையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது இல்லை. சான்றிதழை அரசு மருத்துவக் குழுதான் தரும், அதுவும் 8 வயது ஆன பிறகு. விவரம் வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில், மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கிடைக்கும். 8 வயது வரை சும்மா இருக்க வேண்டும் என்று பொருள் இல்லை. சிறப்புப் பயிற்சியை அதற்கு முன்பே தொடங்கலாம். இதற்கு மாத்திரை இல்லை. முறையான பயிற்சிதான் மருந்து.

சான்றிதழ் இருந்தால் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத் தேர்வுகளில் கூடுதலாக 1 மணி நேரம், சொல்வதை எழுத ஓர் ஆள், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் உண்டு. பள்ளி வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். தேர்வுக்கு முந்தின மாதம் ஓடினால் நடக்காது.

"பேர் கெட்டுவிடுமே" என்று பயப்படுகிறீர்களா? நானும் பயந்தேன். ஆனால் அவனுக்கு ஏற்கெனவே ஒரு பேர் வைத்திருந்தோம், மக்கு என்று. அதைவிடவா டிஸ்லெக்சியா கெட்ட பேர்? அறிக்கை வந்த அன்று அவன் கேட்டது ஒன்றுதான்: "அப்போ என் மேல தப்பு இல்லையாம்மா?"

இப்போது அவன் மெதுவாகப் படிக்கிறான். ஆனால் திறந்திருக்கும் பக்கத்தையே படிக்கிறான். போன மூன்று வருடத்தை மட்டும் என்னால் திருப்பித் தர முடியாது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். லிஃப்டில் பிள்ளைகளைப் பார்த்தால் "எத்தனை மார்க்?" என்று கேட்காதீர்கள். சாப்பிட்டாயா, விளையாடினாயா என்று கேளுங்கள். உங்கள் வீட்டிலும் சந்தேகம் இருந்தால் எந்த நேரமும் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். எங்களிடம் உள்ள படிவங்களைக் காட்டுகிறேன், முதல் நாள் துணைக்கும் வருகிறேன்.